மெட்டுப் போட்டவர் பெயரையும் எழுதுங்கள்

பெறுநர்: இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி (ஐ.பி.ஆர்.எஸ்.) நிர்வாகக் குழு, மும்பை

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

ஹிந்தித் திரைப்பாடல்களில் வெளிநாட்டு மெட்டுகளிலிருந்து பிறந்தவை நிறைய இருக்கின்றன. அவற்றின் மூல மெட்டைப் போட்டவர்களின் பெயரை உங்கள் பதிவேட்டில் சேர்க்க வேண்டும், பங்கு சேர வேண்டியவர்களுக்குப் பங்கு போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். எந்தப் பாட்டையும் நிறுத்தச் சொல்லவில்லை. மறைந்த எந்த இசையமைப்பாளரையும் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. 'சுட்ட பாட்டு' என்று பட்டியல் போட்டுச் சிரிக்கிற கூட்டத்திலும் நான் இல்லை. இந்தப் பாடல்கள் என் உயிரோடு கலந்தவை.

நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். எங்கள் மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், இசை, பாடல் எழுதியவர், பாடியவர் என்று நான்கையும் அறிவிப்பாளர் சொல்லியாக வேண்டும். ஒன்றை விட்டால் முன்வரிசையிலிருந்து பெரியவர்கள் குரல் கொடுத்துத் திருத்துவார்கள். இலங்கை வானொலியில் பினாகா கீத்மாலா என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி கேட்டு வளர்ந்த தலைமுறை அது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாட்டைத் தள்ளி வைத்தபோது இலங்கை வானொலி வழியாக அமீன் சயானி ஒவ்வொரு பாட்டையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். தமிழ்நாட்டில் ஹிந்தி தெரியாத வீடுகளிலும் சங்கர்-ஜெய்கிஷன், நய்யார், ஸலீல் சௌத்ரி என்ற இசையமைப்பாளர்களின் பெயர்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தன. பெயர் சொன்னதால்தான் அவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள்.

சரி, ஐ.பி.ஆர்.எஸ்.ஸிடம் ஏன் கேட்கிறேன்? 1969இல் தொடங்கியதிலிருந்து இசையமைப்பாளர், பாடலாசிரியர், பதிப்பாளர் ஆகியோருக்கான ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தருவது உங்கள் வேலை. ஒரு பாட்டு வானொலியிலோ ஓட்டலிலோ செல்போன் செயலியிலோ ஒலித்தால், அதில் யாருக்கு எத்தனை பங்கு என்பதற்கு உங்கள் பதிவேடுதான் ஆதாரம். அங்கே ஒரு பெயர் இல்லையென்றால் அந்தப் பாட்டுக்காக அந்தப் பெயருக்குக் காசு போகாது. படத்தின் பெயர் அட்டையை இனி மாற்ற முடியாது. பழைய இசைத்தட்டின் லேபிளையும் மாற்ற முடியாது. பதிவேட்டை மாற்றலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2012ஆம் ஆண்டுக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத் திருத்தத்துக்கு முன்னால், ஒரே கையெழுத்தில் இசையமைப்பாளரின் உரிமை முழுவதையும் தயாரிப்பாளரோ இசைக் கம்பெனியோ வாங்கிக்கொள்ள முடிந்தது. படைப்பாளிகள் பல ஆண்டு போராடி, ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை வாரிசுக்கும் உங்களைப் போன்ற சங்கத்துக்கும் தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாதபடி சட்டத்தை மாற்ற வைத்தார்கள். உங்கள் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் போராட்டத்தின் வலி தெரியும். அதே நியாயத்தைத்தான் கியூபாக்காரருக்கும் எகிப்தியருக்கும் இந்தோனேசியருக்கும் கேட்கிறேன்.

'ஆர் பார்' (1954) படத்தில் கீதா தத் பாடிய 'பாபுஜி தீரே சல்னா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மெட்டு கியூபாவின் ஓஸ்வால்டோ ஃபாரெஸ் 1947இல் எழுதிய 'கிஸாஸ், கிஸாஸ், கிஸாஸ்'. அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் அதை ஸ்பானிய மொழியில் பாடி உலகப் புகழ் தேடிக் கொடுத்தது 1958இல். அதற்கு நான்கு ஆண்டு முன்பே பம்பாயில் ஓ.பி. நய்யாரின் காதில் அது விழுந்துவிட்டது. கீதா தத்தின் குரலில் இருக்கிற அந்தக் கொஞ்சலும் எச்சரிக்கையும் கியூபாவில் இல்லை, அது முழுக்க நம்முடையது. ஆனால் பல்லவியின் நடை ஃபாரெஸுடையது. அவர் 1985இல்தான் மறைந்தார். படைப்பாளி மறைந்து 60 ஆண்டு வரை நம் சட்டத்தில் காப்புரிமை உண்டு. வெளிநாட்டுப் படைப்பென்றால் அந்த நாட்டுக் காலக்கணக்கையும் பார்க்க வேண்டும் என்பது தெரியும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவாவது அவருடைய பெயர் எங்காவது எழுதியிருக்க வேண்டாமா?

'ஆவாரா' (1951) படத்தின் கனவுக் காட்சியில் வரும் 'கர் ஆயா மேரா பர்தேசி', எகிப்தியப் பாடகி உம் குல்தூம் 1930களில் பாடிய 'அலா பலத் எல் மஹ்பூப்' பாட்டின் மெட்டு. மெட்டுப் போட்டவர் ரியாத் அல் ஸுன்பாதி. அரபு உலகமே கொண்டாடும் இசையமைப்பாளர் அவர், 1981 வரை வாழ்ந்தவர். சங்கர்-ஜெய்கிஷன் அந்த மெட்டின்மேல் டோலக்கையும் மாண்டலினையும் ஏற்றி வேறொரு உலகத்தைக் கட்டினார்கள். அந்த டோலக்கைக் கேட்டால் எனக்கு இன்றும் விரல் தானாகத் தாளம் போடும். அதற்கெல்லாம் அவர்களுக்கு உரிய பெருமை குறையப்போவதில்லை. ஸுன்பாதியின் பெயர் பக்கத்தில் வந்தால் என்ன குறைந்துவிடும்?

ஸலீல் சௌத்ரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கடன் வாங்குவதும் ஒரு கலை என்பதற்கு அவரைவிட நல்ல சான்று இல்லை. 'சாயா' (1961) படத்தில் தலத் மஹ்மூதும் லதா மங்கேஷ்கரும் பாடிய 'இத்னா ந முஜ்ஸே தூ ப்யார் படா'. மோட்சார்ட் 1788இல் எழுதிய 40ஆவது சிம்பொனியின் தொடக்கம் அது. கீபோர்டில் வாசித்துப் பார்த்தால் உடனே பிடிபடும். 'ஜி'யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், சுத்த தைவதத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு சின்ன இறக்கம், பெருமூச்சு விடுகிற மாதிரி: த ப ப. இதையே மூன்று முறை சொல்லிவிட்டு, மூன்றாவது முடிந்ததும் மேல் ஸ்தாயி சாதாரண காந்தாரத்துக்கு ஒரே தாவல். அங்கிருந்து படிப்படியாக இறங்கி வருகிறது. பாட்டின் முதல் வரியும் மூன்று துண்டாக உடைந்து ஒவ்வொரு பெருமூச்சிலும் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. 'என்மேல் இத்தனை அன்பை வளர்த்துக்கொள்ளாதே' என்று கெஞ்சுகிற வரிக்கு அந்தத் தயங்கித் தயங்கி இறங்கும் ஸ்வரங்களைத் தேர்ந்தெடுத்தாரே, அதுதான் மேதைமை. மோட்சார்ட்டில் அடியில் ஓயாமல் பதறுகிற வயோலாக்கள் இங்கே இல்லை. பதற்றம் போய் ஏக்கம் வந்துவிட்டது. சரணத்துக்குள் போனதும் ஸலீல்தா மோட்சார்ட்டை விட்டுவிட்டுத் தன் வழியில் நடக்கிறார்.

மோட்சார்ட் 1791இல் இறந்தவர். யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. 'மெட்டு மூலம்: மோட்சார்ட்' என்று ஒரு வரி எழுதினால் ஸலீல் சௌத்ரி உயர்வாரே தவிரத் தாழ மாட்டார். கேட்கிற சின்னப் பையன் இரண்டையும் தேடிப்போய்க் கேட்பான், ஒருவர் மற்றவரை எங்கே பின்பற்றினார், எங்கே பிரிந்தார் என்று பார்ப்பான். இதைவிட நல்ல இசைப் பாடம் ஏது? 'மதுமதி'யின் (1958) 'தில் தடப் தடப் கே' போலந்தின் சைலேசியாப் பகுதி நாட்டுப்பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. அங்கே எழுத ஆள் பெயர் கிடையாது, 'சைலேசியா நாட்டுப்பாடல்' என்று எழுதினால் போதும்.

மெட்டு பயணம் போகிற வழி சில சமயம் மிக நீளம். 1945இல் எடுத்த ஒரு ஹாலிவுட் படத்துக்காக ஜிம்மி மெக்ஹியூ இசையமைத்து, ஹெரால்டு ஆடம்சன் வரி எழுதிய பாட்டு 'சிக்கோ சிக்கோ'. லண்டனில் எட்மண்டோ ரோஸ் குழு அதை வாசித்துப் பிரபலமாக்கியது. அங்கிருந்து பம்பாய் வந்து, 1950இல் 'சமாதி' படத்தில் சி. ராம்சந்திராவின் இசையில் 'கோரே கோரே ஓ பாங்கே சோரே' ஆனது. அடுத்த ஆண்டே சென்னையில் ஏவி.எம். எடுத்த 'ஓர் இரவு' படத்தில் 'ஐயா சாமி' என்று எம்.எஸ். ராஜேஸ்வரியின் குரலில் தமிழுக்கும் வந்துவிட்டது. ஆறே வருஷத்தில் ஒரு மெட்டு பாதி உலகத்தைச் சுற்றிவிட்டது. ஹிந்திக்காரர்களை மட்டும் நான் கேட்கவில்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். தமிழ்ப் பாட்டுகளின் பதிவும் உங்களிடம்தான் இருக்கிறது, அவற்றுக்கும் இதே முறை வேண்டும்.

இந்தப் பயணத்துக்கு நடுவில் நின்றவர்கள் கோவா இசைக்கலைஞர்கள். இரவில் பம்பாய் ஓட்டல்களில் ஜாஸ், ரும்பா, ஃபாக்ஸ்ட்ராட் வாசித்துவிட்டுப் பகலில் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். மேற்கத்திய ஸ்வர எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள், ஹார்மனி அறிந்தவர்கள். ட்ரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட் சி. ராம்சந்திராவோடு வேலை செய்தார், செபாஸ்டியன் டிசூசா சங்கர்-ஜெய்கிஷனுக்கும் நய்யாருக்கும் வாத்திய அமைப்பு செய்தார். அந்தோணி கோன்சால்வ்ஸிடம் வயலின் கற்ற இசையமைப்பாளர் பியாரேலால்தான் பின்னால் 'அமர் அக்பர் அந்தோணி'யில் குருவின் பெயரையே ஒரு பாட்டில் வைத்தார். இவர்கள் யாருடைய பெயரும் பெரும்பாலான பாட்டுகளுக்கு எதிரே இருக்காது. வெளிநாட்டு மெட்டுக்காரரின் பெயர் விடுபட்டதும் இவர்களுடைய பெயர் விடுபட்டதும் ஒரே பழக்கத்தின் இரண்டு விளைவுகள்: இசை என்றால் ஒரு பெயர் போதும் என்ற பழக்கம். உலக அளவில் இசைப் படைப்புகளைப் பதிகிற முறையில் இசையமைப்பாளர், வாத்திய அமைப்பாளர், தழுவியவர் என்று தனித்தனிக் குறியீடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு படைப்பு மூலமா, மூலத்தை மாற்றியமைத்ததா என்று குறிக்கவும் வழி இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருக்கிற கட்டத்தை நிரப்பினால் போதும்.

ஆர்.டி. பர்மன் ரசிகர்கள் இந்தப் பேச்சு வந்தாலே கோபப்படுவார்கள். நானும் அவருடைய ரசிகன்தான். 'ஷோலே'யின் (1975) 'மெஹ்பூபா மெஹ்பூபா'வில் கிரேக்கப் பாடகர் டெமிஸ் ரூஸோஸ் பாடிய 'சே யூ லவ் மீ' இருக்கிறது, அந்தப் பாட்டுக்குள் சைப்ரஸ் நாட்டுப்பாட்டு ஒன்று இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் பீர் பாட்டிலில் ஊதி எடுத்த ஒலி, பஞ்சம்தா என்று நாங்கள் அழைக்கிற பர்மனின் மூளை. நெருப்பைச் சுற்றி அந்தக் கரகரத்த குரலில் அவரே பாடினாரே, அந்தத் துணிச்சல் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. மூலத்தை எழுதினால்தான் அவர் எதைச் சேர்த்தார் என்பது வெளிச்சத்துக்கு வரும். எழுதாமல் விட்டால், இணையத்தில் இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டு 'பார், இவரும் திருடன்' என்று ஒரே வீச்சில் எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறார்கள். அவருடைய மரியாதையைக் காப்பாற்றவும் இந்தப் பெயர் தேவை.

இதே விஷயம் மறுபக்கத்திலிருந்து நமக்கு நடந்தபோது நாம் என்ன செய்தோம்? 2002இல் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் 'அடிக்டிவ்' பாட்டில் 'ஜோதி' (1981) படத்துக்காக லதா பாடிய பப்பி லஹிரியின் பாட்டு அப்படியே ஒலித்தது. வழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்துக்குப் போனது. பப்பி லஹிரியின் பெயரைப் போடாமல் அந்த ஆல்பத்தை விற்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. நியாயமான உத்தரவு. 2005இல் பிளாக் ஐட் பீஸ் குழு 'டான்' படப் பாட்டின் மெட்டைப் பயன்படுத்தியபோது கல்யாண்ஜி-ஆனந்த்ஜி பெயரும் இந்தீவர் பெயரும் எழுத்தாளர் வரிசையில் இடம் பெற்றன. பிரிட்னி ஸ்பியர்ஸின் 'டாக்ஸிக்' பாட்டில் வருகிற வயலின்கள் கே. பாலசந்தரின் 'ஏக் தூஜே கே லியே' படத்தில் நம்ம எஸ்.பி.பி. பாடிய 'தேரே மேரே பீச் மே'யிலிருந்து எடுத்தவை என்று தெரிந்தபோது தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குப் பெருமை! அந்தப் பெருமைக்கு நமக்கு உரிமை உண்டென்றால், அதே உரிமை ஹவானாவில் இருப்பவருக்கும் கெய்ரோவில் இருப்பவருக்கும் உண்டு. அதே பப்பி லஹிரியின் 'டிஸ்கோ டான்ஸர்' (1982) பாட்டு ஒன்று பகிள்ஸ் குழுவின் 'வீடியோ கில்டு த ரேடியோ ஸ்டார்' மெட்டு என்பது ஊரறிந்தது. அதற்கும் ஒரு வரி எழுதிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

பழைய காலத்தைச் சொல்லும்போது 'அன்றைக்கு அப்படித்தான்' என்று ஒரு பதில் வரும். தயாரிப்பாளர் வெளிநாடு போய்த் திரும்பும்போது இசைத்தட்டு வாங்கி வந்து 'இது மாதிரி ஒன்று போடுங்கள்' என்பார், இசையமைப்பாளருக்கு வேறு வழி இல்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். 2000க்குப் பிறகு அந்தப் பதில் செல்லாது. 'வோ லம்ஹே' (2006) படத்தில் கே.கே. பாடிய 'க்யா முஜே ப்யார் ஹை', இந்தோனேசியாவின் பீட்டர்பான் குழு அதற்குச் சற்று முன்னால்தான் வெளியிட்ட 'தக் பிசாகா'வின் மெட்டு. 'ரேஸ்' (2008) படத்தில் 'பெஹலி நஸர் மே' ஒரு கொரியப் பாட்டு, 'ஸரா ஸரா டச் மீ' வாங் லீஹோமின் சீன மொழிப் பாட்டு. இவர்களெல்லாம் நம்மைப் போன்ற ஆசிய நாடுகளில் பாடிப் பிழைப்பவர்கள், அப்போது இளைஞர்கள். அமெரிக்கக் கம்பெனி என்றால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்ற பயம் இருக்கிறது, ஜகார்த்தாவிலிருந்து யார் வரப்போகிறார்கள் என்ற நினைப்பு இருக்கிறது. எனக்கு மனசு வலிக்கிற இடம் இதுதான்.

உள்ளூர்க்காரருக்கு வழி இருக்கிறது. 2008இல் ராம் சம்பத் தன் விளம்பர மெட்டு 'கிரேஸி 4' படப் பாட்டுகளில் வந்திருப்பதாகப் பம்பாய் உயர் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, 2 கோடி ரூபாயில் சமரசம் ஆனது. இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் இருந்து கிட்டார் வாசிக்கிற ஒருவர் பம்பாயில் வக்கீல் வைக்க முடியுமா? முறையாக அனுமதி வாங்குவது முடியாத காரியமும் இல்லை. 'கல் ஹோ நா ஹோ' (2003) படத்துக்கு ராய் ஆர்பிசனின் 'ப்ரெட்டி வுமன்' பாட்டை உரிமை பெற்றுத்தான் பயன்படுத்தினார்கள். பாட்டு ஹிட், படமும் ஹிட். யாருக்கும் எந்த நஷ்டமும் வரவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இஸ்ரேலின் ஆர்ட்டெம் டோல்கோபியாட் ஜிம்னாஸ்டிக்ஸில் தங்கம் வென்று அந்த நாட்டின் தேசிய கீதம் ஒலித்தபோது, 'தில்ஜலே' (1996) படத்தின் 'மேரா முல்க் மேரா தேஷ்' பாட்டு நினைவுக்கு வந்து அதன் இசையமைப்பாளர் அனு மலிக்கை ஒரு நாள் முழுக்கக் கேலி செய்தார்கள். அந்தக் கீதத்தின் மெட்டோ ருமேனிய-மால்டேவிய நாட்டுப்பாட்டின் வழியாக வந்தது. அதற்கும் பின்னால் போனால் 1600களின் இத்தாலிய மெட்டு ஒன்று நிற்கிறது. செக் இசைமேதை ஸ்மெத்தனாவின் 'வல்தவா'விலும் அதன் சாயல் கேட்கும். யாருக்குச் சொந்தம் என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாத மெட்டு அது. இப்படிப்பட்ட பாட்டுகளைத் தீர்மானிக்க இசை தெரிந்தவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் சேர்ந்து உட்கார வேண்டும். கேலிக்கூட்டத்திடம் இந்த வேலையை விட்டுவிடக் கூடாது. மூலத்தைக் குறிப்பது குற்றப்பத்திரிகை ஆகிவிடக் கூடாது. 'ஏழு ஸ்வரம்தானே, எல்லாம் ஒத்துப்போகத்தான் செய்யும்' என்று தட்டிக் கழிக்கவும் கூடாது. ஸ்வரம் எல்லோருக்கும் பொது. அவற்றை இந்த வரிசையில், இந்தக் காலப்பிரமாணத்தில் கோத்தவர் ஒருவர்தான்.

அதனால் உங்களிடம் கேட்பது இவ்வளவு. பதிவேட்டில் மூல மெட்டுக்கு ஒரு கட்டம் திறந்து, பொதுமக்கள் தேடும்போதும் அது தெரியும்படி வையுங்கள். வெளிநாட்டுச் சங்கங்களோ வாரிசுகளோ விண்ணப்பித்தால் கேட்டு முடிவு சொல்ல ஒரு சிறு குழுவை அமையுங்கள், அதில் இசையமைப்பாளர்களே பெரும்பான்மையாக இருக்கட்டும். பழைய பாட்டுகளை 'ரீக்ரியேஷன்' என்று புதுப்பித்து வெளியிடுகிறார்களே, அவற்றைப் பதியும்போது மூலத்துக்கும் மூலம் உண்டா என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள். புதுப்படத்தின் இசையமைப்பாளர் தானாக முன்வந்து மூலத்தைச் சொன்னால் அதை ஒழுங்காகப் பேசித் தீர்க்க உதவுங்கள். இன்றைக்கு உண்மையைச் சொல்பவருக்கு வம்பு, மறைப்பவருக்கு லாபம் என்றிருக்கிறது. இது மாறினால் பாதிப் பிரச்சினை தீரும். பெயர் கோரும் உரிமை, எழுதிக் கொடுத்த பிறகும் படைப்பாளியைவிட்டுப் போகாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவே சொல்கிறது. 1928 முதல், படைப்பாளிகளின் உரிமையைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கிற நாடு நம்முடையது.

தொடக்கத்துக்கு மூன்று பாட்டு போதும். 'இத்னா ந முஜ்ஸே'வுக்கு மோட்சார்ட், 'கர் ஆயா மேரா பர்தேசி'க்கு ரியாத் அல் ஸுன்பாதி, 'பாபுஜி தீரே சல்னா'வுக்கு ஓஸ்வால்டோ ஃபாரெஸ். முதலாவதில் பணப் பேச்சே இல்லை. மற்ற இரண்டில் உரிமை யாரிடம் இருக்கிறது, எதுவரை இருக்கிறது என்பதை உங்கள் சகோதர சங்கங்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் தெரிந்துகொள்ளலாம். அந்தக் கடிதத்தை இந்த ஆண்டே எழுதுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹிந்திப் பாட்டை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகன்